அடிக்க வரும் சேவலைப் பழக்கிய விதம்

பெரம்பூரில் எங்கள் மொட்டை மாடியில் வளரும் சிறுவிடை என்னும் நாட்டுக்கோழி இனச் சேவல், ஆறாம் மாதத்தை எட்டியதும், தீவனம் வைக்கச் செல்லும் என்னையே காலால் அடிக்கத் தொடங்கியது. பருவமடைந்த சேவல், பெட்டைகளை நெருங்குபவரைப் போட்டியாளராகக் கருதக்கூடும். ஒரு பக்க இறக்கையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் நடப்பதும் கழுத்து இறகுகளைச் சிலிர்ப்பதும் பாய்ச்சலுக்கு முந்தைய எச்சரிக்கைகள்.

துடைப்பத்தால் விரட்டுமாறு அண்டை வீட்டார் கூறினர். நான் அதனை ஏற்கவில்லை. திருப்பி அடித்தால் சேவல் அதைச் சண்டைக்கான சம்மதமாகவே கொள்ளும். பின்வாங்கி ஓடினாலோ, அடுத்த முறை இன்னும் துணிந்து வரும். ஆகவே தடித்த கால்சட்டையும் காலணியும் அணிந்து, அது சிலிர்க்கும்போது அசையாமல் நின்று, தணிந்து தரையைக் கொத்தத் தொடங்கிய பின்னரே நகர்ந்தேன். இருட்டில் கோழிகளுக்குப் பார்வை மங்கும் என்பதால், அந்தி சாய்ந்தபின் கூண்டிலிருந்து அதை எளிதாக எடுத்து, இறக்கைகளை உடலோடு சேர்த்தணைத்து, திமிறல் அடங்கும்வரை கையிடுக்கில் வைத்திருந்து இறக்கிவிடுவேன். பெட்டைகளை அதன் கண்ணெதிரே பிடிப்பதையும் தவிர்த்தேன்.

கால்முள்ளின் கூர்நுனியை மட்டும் அரத்தால் மழுக்கினேன். உள்ளே இரத்தம் ஓடும் எலும்பு இருப்பதால் ஆழமாக வெட்டக் கூடாது.

இப்போது கம்பு தூவினால், பெட்டைகளைக் கூவியழைத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறது. எனினும் குழந்தைகளைத் தனியே மாடிக்கு அனுப்புவதில்லை. சேவல் எகிறும் உயரத்தில்தான் அவர்களின் முகம் இருக்கிறது.