துணி ஒட்டியாணத்துக்கும் சலங்கைப் பட்டைக்கும் ஜரிகைக் கரை தைக்கும் முறை

பரதநாட்டியம் பயிலும் பிள்ளைகளுக்குத் துணி ஒட்டியாணத்தையும் சலங்கைப் பட்டையையும் வீட்டிலேயே ஜரிகைக் கரை வைத்துத் தைத்துக் கொடுக்கலாம். சாதாரண தையல் மெஷினும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும். மேசைமேல் விரித்து வைக்கும்போது அழகாகத் தெரிவது வேறு, முழங்காலை வெளிப்பக்கம் மடக்கிப் பாதி அமரும் அரைமண்டி நிலையில், தட்டடவு என்னும் அடிப்படைக் காலடியை ஆடும் உடம்பில் சுருங்காமலும் குத்தாமலும் நிற்பது வேறு என்பதை மட்டும் தைப்பவர் தொடக்கத்திலேயே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் கரையைத் தேர்ந்தெடுப்பது பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் குமரி மாவட்டத்தில் இது மற்ற ஊர்களைவிடக் கவனமாகச் செய்ய வேண்டிய வேலை. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே இங்கே பெய்கின்றன. குளச்சல், மணக்குடி, கன்னியாகுமரி போன்ற கடலோர ஊர்களில் மழையில்லாத நாளிலும் காற்றில் ஈரமும் உப்பும் இருக்கின்றன. செம்புக் கம்பியின்மேல் முலாம் பூசிய ஜரிகை இந்தக் காற்றிலும் ஆடும் பிள்ளையின் வியர்வையிலும் விரைவில் கறுக்கும், சில இடங்களில் பச்சையும் பூக்கும். வெள்ளி ஜரிகையும் நாளடைவில் மங்கும். பாலியெஸ்டரில் செய்த பிளாஸ்டிக் ஜரிகைக்கு அந்தத் தொல்லை இல்லை. பட்டுப்புடவைக்கு அதைச் சிலர் குறைவாக நினைக்கலாம், ஆனால் வியர்வையில் நனையும் சலங்கைப் பட்டைக்கு அதுவே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. ஒட்டியாணத்துக்கு உடையின் பட்டிலேயே மிஞ்சிய ஜரிகைக் கரை இருந்தால் அதைப் பயன்படுத்துவது இன்னும் நல்லது, நிறம் தானாகப் பொருந்திவிடும்.

அளவு எடுக்கும்போது பிள்ளை ஆடை அணிந்து, மூச்சை உள்ளிழுத்து, அரைமண்டியில் இருக்க வேண்டும். நிமிர்ந்து நிற்கையில் எடுத்த அளவு ஆடும்போது இறுக்கிப் பிடிக்கும். ஒட்டியாணப் பட்டையின் நீளம் 65 செ.மீ., அகலம் 5 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் நான்கு பக்கமும் சேர்ந்து 140 செ.மீ. வரும், மூலை மடிப்புக்கும் முனை மடிப்புக்கும் பிறகு வரக்கூடிய பழுதுக்கும் சேர்த்து ஒன்றேமுக்கால் மீட்டர் கரை வாங்க வேண்டும். பருத்தி நூல் கலந்த கரையையும் உள்துணியையும் தைக்கும் முன்பே தண்ணீரில் நனைத்து நிழலில் உலர்த்திவிட வேண்டும், இல்லையென்றால் முதல் தடவை நனையும்போது கரை சுருங்கிப் பட்டையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். சிவப்பு, மெரூன் வெல்வெட் சாயம் விடுகிறதா என்று ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு மூலையில் தேய்த்துப் பார்ப்பது நல்லது.

ஒட்டியாணத்தில் மேல்துணியையும் நடுவே வைக்கும் பக்ரம் என்னும் விறைப்பான துணியையும் சேர்த்த பிறகு, உள்துணியை இணைப்பதற்கு முன்பே கரையைத் தைத்துவிட வேண்டும். அப்படிச் செய்தால் அடிநூலும் முடிச்சுகளும் உள்துணிக்குள் மறைந்துவிடும். வெல்வெட்டில் குண்டூசி குத்திய தடம் எளிதில் போகாது. ஆகவே கரையை நீள நீளமான ஓட்டுத் தையலால் கையில் பிடித்துவைத்து, மெஷின் தையல் முடிந்த பின் அந்த நூலை உருவிவிட வேண்டும். ஜரிகை ஊசியின் முனையை மழுக்கும் என்பதால் புதிய 14ஆம் எண் ஊசியைப் போட்டு, தையல் நீளத்தை 3 மி.மீ. அளவில் வைத்து, வெட்டுத் துணியில் ஓட்டிப் பார்த்த பிறகே தொடங்க வேண்டும். கரையை இழுத்துப் பிடித்துத் தைக்கவே கூடாது. இழுத்துத் தைத்த கரை பிறகு தன் அளவுக்குத் திரும்பும்போது பட்டை முழுவதும் சுருண்டு நிற்கும். முதலில் வெளி ஓரத்தையும் அடுத்து உள் ஓரத்தையும் தைக்க வேண்டும், இரண்டையும் ஒரே திசையில் ஓட்ட வேண்டும். ஒன்றை இடமிருந்தும் மற்றொன்றை வலமிருந்தும் ஓட்டினால் கரையின் நடுவில் சாய்வான சுருக்கங்கள் விழும், அவற்றை எந்த இஸ்திரியும் நீக்காது. மூலைக்கு வந்ததும் ஊசியைத் துணிக்குள் இறக்கிவைத்து, மெஷினின் பாதத்தைத் தூக்கி, கரையைக் குறுக்குவாட்டில் மடித்துத் திருப்பினால் கோடு நேராக விழும். கரையின் தொடக்கமும் முடிவும் கொக்கி மாட்டும் முனையில் ஒன்றின் அடியில் ஒன்று மறையும்படி 1 செ.மீ. மடித்து அமைய வேண்டும்.

நாகர்கோவில் வடசேரியில் செய்யப்படும் கெம்புக்கல் பதித்த ஒட்டியாணத்தைத் துணிப் பட்டையின்மேல் அணிவதாக இருந்தால், நகை உட்காரும் நடுப்பகுதியை வெறுமையாக விட்டு இரண்டு ஓரங்களில் மட்டும் மெல்லிய கரை வைக்க வேண்டும். புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கோயில் நகை வேலைப்பாட்டுக்குப் பக்கத்தில் அகலமான பளபளப்புக் கரை தேவையே இல்லை. தவிர, உலோக விளிம்பு உரசி உரசி ஜரிகை இழைகளை அறுத்துவிடும்.

சலங்கைப் பட்டை இதைவிட நுட்பமான வேலை. சலங்கையை வழிபாட்டில் வைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு கட்டுவது மரபு என்பதால், தைக்கும்போதும் அதை வெறுந்தரையில் போடாமல் ஒரு துணி விரித்து வைத்துக்கொள்வது முறை. இங்கே கரையை ஓரத்தைச் சுற்றி மடக்கித் தைக்கக் கூடாது. உள்பக்கம் வரும் ஜரிகை வியர்த்த தோலில் உரசிப் புண்ணாக்கும். முன்பக்கத்தில் மட்டும் தட்டையாக வைத்து, உள்பக்கத்துக்கு மெல்லிய பருத்தித் துணி கொடுக்க வேண்டும். மணி வரிசைக்கும் கரைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விடாவிட்டால் மணி கரையில் முட்டி நாதம் அடங்கிப்போகும். கீழ் ஓரத்தில் குஞ்சமோ வளையம் வளையமாகத் தொங்கும் லேஸோ வைப்பது ஆபத்து, கால் மாற்றி வைக்கும்போது மற்றக் காலின் விரல் அதில் மாட்டிக்கொள்ளும். மூலைகள் வளைவாக இருந்தால் நெய்த ஜரிகைக் கரை அங்கே திரும்பாது, பின்னல் லேஸ்தான் வளைந்து கொடுக்கும்.

பட்டை தோலால் ஆனதாக இருந்தால் ஊசித் துளை நிரந்தரம். நெருக்கமாகத் தைத்தால் தபால்தலையின் ஓரம்போல் அந்தக் கோட்டிலேயே கிழிந்து வரும். ஆகவே தோல் ஊசியில் 16ஆம் எண்ணைப் போட்டு, தையல் நீளத்தை 4 மி.மீ. அளவுக்குக் கூட்ட வேண்டும். மணிகள் ஏற்கெனவே கோத்திருந்தால் மெஷின் ஓடாது, குத்தூசியால் துளையிட்டுக் கையால் பின்தையல் போட வேண்டும். பின்தையலுக்கு எடுக்கும் பாலியெஸ்டர் நூலைத் தேன்மெழுகில் இரண்டு முறை இழுத்துக்கொண்டால் வியர்வையில் ஊறாது, முடிச்சும் நழுவாது. மார்த்தாண்டம் பகுதியில் தேனீ வளர்ப்போர் பலர் இருப்பதால் நல்ல மெழுகு நம் மாவட்டத்திலேயே கிடைக்கிறது.

கல் லேஸை மெஷினில் தைக்க முயல வேண்டாம். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே கையால் ஒவ்வொரு தையலாகப் பிடிப்பதே பாதுகாப்பு.

வேலை முடிந்ததும் பிள்ளைக்குக் கட்டிவிட்டு, ஆட்டத்தின் தொடக்க நிலையான நாட்டியாரம்பத்தில் கையை நீட்டச் சொல்லி, சில அடவுகளை ஆடச் சொல்லிப் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் பட்டை மேலேறுகிறது, எங்கே நூல் இழுபடுகிறது என்பதெல்லாம் அப்போது தெரியும், அரங்கேற்றத்துக்கு முன்பே திருத்திக்கொள்ளலாம். ஆடி முடித்ததும் ஈரத்தோடு பெட்டியில் போடாமல் மின்விசிறிக் காற்றில் உலர்த்தி, துவைத்த மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும். செண்ட் அடிக்கக் கூடாது, பாச்சை உருண்டை ஜரிகையில் படக் கூடாது. மழை மாதங்கள் முழுவதும் பெட்டியிலேயே இருந்துவிட்டு மார்கழியில் வெளியே வரும் உடைகளில்தான் கறுப்பு அதிகம் தெரிகிறது என்பதால், ஐப்பசி கார்த்திகையிலும் வெயில் அடிக்கும் நாள் பார்த்து நிழலில் காற்றாட விட வேண்டும். மிஞ்சிய கரைத் துண்டை அதே சுற்றில் வைத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு கடையில் அதே நிறக் கரை கிடைப்பது அரிது.