நெல்வயலும் கார்பன் கிரெடிட்டும்: காவிரிப் படுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீர் தேங்கிய வயல்மண்ணில் ஆக்சிஜன் இல்லாதபோது நுண்ணுயிர்கள் புவியை வெப்பமாக்கும் மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. வயலை இடையிடையே காயவிட்டால் அது கணிசமாகக் குறைகிறது. வேளாண் துறையினர் காய்ச்சலும் பாய்ச்சலும் என்று அழைக்கும் இந்த முறையால் தவிர்க்கப்படும் மீத்தேனைக் கணக்கிட்டு, ஒரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கு நிகரான குறைப்புக்கு ஒரு கிரெடிட் என்ற அளவில், தம் புகைக்கு ஈடுகாட்ட விரும்பும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு விற்கும் திட்டங்கள் வளரும் நாடுகளின் உழவர்களை நாடி வருகின்றன.

இவற்றில் நேரும் பெருந்தவறு, திட்டம் வராதிருந்தால் வயல் எப்படி இருந்திருக்கும் என்பதைப் பிழையாகக் கணிப்பதுதான். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 அன்று திறக்கப்படாத ஆண்டுகளிலும், வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடும் காலங்களிலும், கடைமடை வயல்கள் எவரும் சொல்லாமலே காய்ந்து கிடக்கின்றன. அத்தகைய வயலில் எப்போதும் நீர் தேங்கியிருந்ததாகக் காகிதத்தில் எழுதினால், நடக்காத குறைப்புக்குக் கிரெடிட் பிறக்கும். அதை வாங்கியவர் அந்த அளவுக்குத் தம் புகையைத் தொடர்வார். வளிமண்டலத்தில் சுமை கூடவே செய்யும். சீனாவின் 37 நெல் திட்டங்களைத் தரக் குறைபாடுகளுக்காக வெர்ரா என்ற சான்றளிப்பு அமைப்பு 2024 ஆகஸ்டில் நிராகரித்தது. ஆகவே பழைய பாசன நிலவரத்தை மடைவாரியாக, உழவர்களிடமே கேட்டுப் பதிவு செய்வது கட்டாயம் என்பேன்.

எல்லாப் பட்டத்துக்கும் ஒரே முறையைத் திணிப்பதும் தவறு. வயலில் புதைத்த துளையிட்ட குழாயில் நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியபின் மறுபடி பாய்ச்சுவது, பம்புசெட் வசதியுள்ள குறுவை வயலில் எளிது; வடகிழக்குப் பருவமழையில் சம்பாப் பயிர் மூழ்கும் திருவாரூர், நாகப்பட்டினத் தாழ்நிலங்களில் வடிகாலே இல்லாதபோது எப்படிக் காயவிடுவது? பூக்கும் தருணத்தில் எந்த வயலிலும் நீர் நிற்கவேண்டும். காய்ந்து நனையும் மண்ணில் தழைச்சத்து உரம் மிகுந்தால் புவியை வெப்பமாக்கும் இன்னொரு வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு கூடும். அதைக் கழித்த பிறகே கணக்கை முடிக்கவேண்டும்.

கோயில், மடம், தனியார் நிலங்களைக் குத்தகைக்கு எடுத்து உழுவோர் மிகுந்த பகுதி இது. பட்டாதாரரிடம் மட்டும் கையெழுத்து வாங்கினால், மடை திறந்து அடைக்கும் உழைப்பாளிக்குப் பணம் போய்ச் சேராது. சாகுபடியாளர் பெயர், பங்கு விகிதம், பணம் தரும் நாள், கிரெடிட் கிடைக்காமல் போனால் இழப்பை ஏற்பவர் யார் என்பவை தமிழில் எழுதப்பட்ட ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் கையெழுத்திடக் கூடாது.