வாசல் மரத்தில் கைவைக்கும் முன்: சென்னைக்காரர்களுக்குப் படிப்படியாக

மரத்தை நட்டது உங்கள் தாத்தாவாக இருக்கலாம், தினமும் தண்ணீர் ஊற்றுவது நீங்களாகவே இருக்கலாம். ஆனால் மாநகராட்சித் தெருவில் நிற்கிற மரம் மாநகராட்சியின் பொறுப்பு. வெட்ட நமக்கு உரிமை இல்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கும் இல்லை, போர்டு மாட்ட வருகிறவருக்கும் இல்லை.

படி 1: மரத்தை ஒரு சுற்று சுற்றி வாருங்கள்

முதலில் அடியைப் பாருங்கள். நடைபாதை போடும்போது தண்டை ஒட்டி சிமென்ட் பூசிவிடுவார்கள். மழைத்தண்ணீரும் காற்றும் வேருக்கு இறங்காது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் டெல்லி மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்றச் சொன்னது. டெல்லிக்கான உத்தரவுதான், ஆனாலும் புகார் எழுதும்போது அந்த ஒரு மீட்டரைக் கேளுங்கள்.

அடுத்து இரும்புக் கூண்டு. கன்றுக்குப் போட்டதை யாரும் கழற்றுவதில்லை. மரம் பருத்ததும் கம்பி பட்டைக்குள் புதைந்துவிடும். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: ஆணி

எங்கள் தெருப் புங்க மரத்தில் ஒருநாள் எண்ணினேன். 11 ஆணி! பாதிக்கு மேல் டியூஷன், வாடகை வீடு விளம்பரங்கள். மரங்களில் ஆணி அடித்து விளம்பரம் வைத்தால் 25,000 ரூபாய் வரை அபராதம் என்று 2019-இலேயே சென்னை மாநகராட்சி அறிவித்துவிட்டது.

பிடுங்குவது எளிது. சுத்தியலின் பிளந்த பக்கத்தில் ஆணித் தலையைக் கவ்வி, சுத்தியலுக்கும் பட்டைக்கும் நடுவில் ஒரு சின்னப் பலகைத்துண்டு வையுங்கள். இல்லாவிட்டால் நெம்பும்போது பட்டை நசுங்கும். பட்டை மூடிவிட்ட பழைய ஆணியைத் தோண்டாதீர்கள், காயம்தான் பெரிதாகும்.

படி 3: கிளை இடைஞ்சலா?

கம்பியில் உரசினால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. தொரட்டியை எடுத்துக்கொண்டு நீங்களே கிளம்ப வேண்டாம், மின்சாரம் பாயும். மற்றதற்கு மாநகராட்சியின் 1913. வார்டு எண், கதவு எண், அடையாளம் சொல்லிப் புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எண் இல்லாத புகார் காற்றோடு போச்சு.

ஆட்கள் வந்தால் பக்கத்தில் நில்லுங்கள். கவாத்து செய்வதில், அதாவது கிளைகளை அளவோடு நறுக்குவதில், ஒரு நுணுக்கம் இருக்கிறது. கிளை தண்டோடு சேரும் இடத்தில், சட்டைக் காலர் மாதிரி லேசாகப் புடைத்த வளையம் தெரியும். அதிலிருந்துதான் காயம் ஆறும். வளையத்தைத் தொடாமல் அதற்குச் சற்று வெளியே அறுக்க வேண்டும். பெரிய கிளை என்றால் தண்டிலிருந்து ஓரடி தள்ளி, முதலில் அடிப்பக்கத்தில் கால்வாசி அறுப்பு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து முழு அறுப்பு. கடைசியில், தண்டில் நிற்கிற மிச்சக் குச்சியை வளையத்துக்குச் சற்று வெளியே அறுக்க வேண்டும். அடிப்பக்கத்து அறுப்பை விட்டுவிட்டால், கிளை தன் கனத்திலேயே முறிந்து பட்டையை நீளமாக உரித்துக்கொண்டு விழும். உச்சியை மொட்டை அடிப்பது கவாத்தே இல்லை. வெட்டிய இடத்தில் தாரோ பெயின்ட்டோ பூசவும் வேண்டாம்.

படி 4: அடியோடு வெட்ட வந்துவிட்டால்

சண்டை வேண்டாம். "அனுமதிக் கடிதம் காட்டுங்க" என்று மட்டும் கேளுங்கள். அரசு நிலத்து மரங்களை வெட்டும் விண்ணப்பங்களைப் பார்க்க, 2021 அரசாணைப்படி ஆட்சியர் தலைமையில் மாவட்டப் பசுமைக் குழு இருக்கிறது. "மேலிடத்துல சொல்லியாச்சு" என்பது அனுமதி ஆகாது. போட்டோ எடுங்கள், உடனே 1913-க்குச் சொல்லுங்கள். புயலில் சாய்ந்து வீட்டின் மேல் தொங்குகிற மரம் என்றால் மல்லுக்கட்டாதீர்கள், ஆபத்து.

கடிதம் காட்டாமலே வெட்டிவிட்டார்களா? 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள்: யார் அனுமதித்தது, எந்தத் தேதியில், என்ன காரணத்துக்காக, நகல் வேண்டும். 30 நாளில் பதில் தர வேண்டும்.

அப்புறம், வெட்டிய கிளைகளை அன்றைக்கே அள்ளச் சொல்லுங்கள். விட்டால் இலையெல்லாம் மழைநீர் வடிகாலுக்குள் போய், ஐப்பசி மழையில் தெருவே குளமாகும்.