பிழைப் பட்டையைப் படிப்பது எப்படி? பத்து நாற்றுகளை வைத்து ஒரு கணக்கு

உயிரியல் வரைபடங்களில் ஒவ்வொரு கம்பத்தின் தலையிலும் மேலும் கீழும் நீளும் சின்னக் கோட்டைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் பிழைப் பட்டை. பெயரில் பிழை இருந்தாலும், யாரோ தப்பாக அளந்துவிட்டார்கள் என்று பொருளில்லை. தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை கையால் போட்டுப் பார்த்தால் மறக்காது.

வெயிலில் வளர்ந்த 5 நாற்றுகளின் உயரம், செ.மீ. கணக்கில்: 12, 14, 15, 16, 18. கூட்டினால் 75, சராசரி 15.

அடுத்து, ஒவ்வொரு நாற்றும் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது? 3, 1, 0, 1, 3. இவற்றை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 20. அதை 5-ஆல் அல்ல, ஒன்று குறைத்து 4-ஆல் வகுக்க வேண்டும். (சராசரியையும் இதே எண்களிலிருந்துதான் எடுத்தோம், அதனால் சிதறல் சற்றுக் குறைவாகத் தெரியும். அதை ஈடுகட்டவே இந்தக் கழித்தல்.) விடை 5, அதன் வர்க்கமூலம் 2.24. இதுதான் திட்ட விலக்கம்.

இதை மாதிரி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் திட்டப் பிழை. 5-இன் வர்க்கமூலமும் 2.24. ஆக, திட்டப் பிழை 1 செ.மீ.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். திட்ட விலக்கம் நாற்றுகளைப் பற்றியது: அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்று சொல்கிறது. திட்டப் பிழை நம் சராசரியைப் பற்றியது: அதை எவ்வளவு நம்பலாம் என்று சொல்கிறது. 500 நாற்றுகளை அளந்தாலும் திட்ட விலக்கம் 2.24-ஐ ஒட்டியே இருக்கும். திட்டப் பிழையோ 0.1 ஆகச் சுருங்கிவிடும். ஆனால் ஒரே நாற்றை ஐந்து முறை அளந்துவிட்டு மாதிரி 5 என்று எழுதக் கூடாது. அது ஒரு நாற்றுதான். ஆய்வகங்களில் அடிக்கடி நடக்கும் தவறு இது, விளைவும் பெரிது.

சரி, இப்போது ஒப்பிடுவோம். நிழலில் வளர்ந்தவை 15, 17, 18, 19, 21. சராசரி 18, திட்டப் பிழை இங்கும் 1. சராசரிக்கு மேலும் கீழும் ஒரு திட்டப் பிழை நீளத்துக்குப் பட்டை வரைந்தால், வெயிலுக்கு 14 முதல் 16 வரை, நிழலுக்கு 17 முதல் 19 வரை. ஒன்றையொன்று தொடவில்லை. உடனே 'வேறுபாடு உறுதி' என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். இரு சராசரிகளின் வேறுபாடு தற்செயலாக வந்திருக்கலாமா என்று பார்க்கும் டி-சோதனையைப் போட்டால் மதிப்பு 2.12 வருகிறது, 5 சதவீத அளவில் (அதாவது, இல்லாத வேறுபாட்டை இருப்பதாக நினைக்கும் வாய்ப்பை 5 சதவீதத்துக்குள் வைக்க) தேவைப்படுவதோ 2.31. எட்டவில்லை.

95 சதவீத நம்பிக்கை இடைவெளியை (இதே முறையில் 100 முறை மாதிரி எடுத்தால் சுமார் 95 முறை உண்மையான சராசரியை உள்ளடக்கும் எல்லை) வரைந்தால் நிலைமை தெளிவாகத் தெரியும். ஐந்து அளவீடுகளுக்குத் திட்டப் பிழையை 2.78-ஆல் பெருக்க வேண்டும். பட்டைகள் 12.2–17.8, 15.2–20.8 என்று நன்றாகவே மேற்பொருந்துகின்றன. அதற்காக, இந்த இடைவெளிகள் மேற்பொருந்தினாலே வேறுபாடு இல்லை என்றும் முடிவுகட்ட முடியாது. நிழல் சராசரி 19 ஆக இருந்திருந்தால் பட்டைகள் அப்போதும் மேற்பொருந்தும். சோதனை மதிப்போ 2.83 ஆகி எல்லையைத் தாண்டிவிடும்.

எக்செலில் வரைபவர்களுக்கு ஒன்று: பிழைப் பட்டைக்கான 'ஸ்டாண்டர்டு எரர்' தேர்வை அழுத்தாதீர்கள். அது உங்கள் மூல அளவீடுகளைப் பார்க்காது. வரைந்திருக்கும் சராசரிகளை வைத்தே கணக்குப் போட்டு எல்லாக் கம்பங்களுக்கும் ஒரே நீளத்தில் பட்டை போட்டுவிடும். 'கஸ்டம்' தேர்வுக்குப் போய் நீங்கள் கணக்கிட்ட மதிப்புகளைக் கொடுங்கள். அப்புறம் படத்தின் அடியில் இப்படி எழுதுங்கள்: 'சராசரி ± திட்டப் பிழை, ஒவ்வொரு குழுவிலும் 5 நாற்றுகள்'.