பாஸ்போர்ட் இல்லாமலே முதல் வெளிநாடு: குறைந்த காசில் தரைவழியாக நேபாளம்

விமான டிக்கெட் விலையைப் பார்த்தே வெளிநாட்டு ஆசையை மூட்டை கட்டி வைத்தவர்கள் என்னைச் சுற்றி நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: முதல் பயணத்துக்கு, நடந்தே எல்லையைத் தாண்டக்கூடிய நாட்டைத் தேர்ந்தெடுங்கள். காசு குறைவு, ஆனால் 12 நாள் லீவு கிடைக்கும் என்றால் நேபாளத்தைவிட நல்ல தொடக்கம் இல்லை. அக்டோபர், நவம்பர் அல்லது மார்ச், ஏப்ரல் பார்த்துப் போங்கள். மழைக்காலத்தில் மலைச்சாலைகள் சரிந்து பஸ் நின்றுவிட்டால், கூடுதல் நாளுக்கான செலவு உங்கள் தலையில்தான்.

1. அடையாள அட்டை

இந்தியர்களுக்கு நேபாள விசா தேவையில்லை. பாஸ்போர்ட் அல்லது தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் அட்டை, இரண்டில் ஒன்று போதும். ஆதாரை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். அட்டையின் இரண்டு நகல், நான்கு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்து வையுங்கள். அங்கே சிம் வாங்க, மலையேற்ற அனுமதி வாங்க உதவும்.

2. ரயில்

தமிழ்நாட்டைக் கடந்து உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர் போகும் ராப்திசாகர் எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பர் டிக்கெட் எடுங்கள். கட்டணம் ஏறக்குறைய ஆயிரம் ரூபாய். இரண்டு இரவு ரயிலிலேயே கழியும். முன்பதிவு திறந்ததுமே எடுத்துவிட வேண்டும். தட்கல் வரை தள்ளினால் அந்தக் கூடுதல் காசில் நேபாளத்தில் ஒரு நாள் சாப்பிட்டிருக்கலாம். முதல் நாளுக்குப் புளிச்சோறும் இட்லிப்பொடியும் கட்டிக்கொள்ளுங்கள்.

கோரக்பூர் ஸ்டேஷனுக்கு வெளியே, எல்லை ஊரான சுனௌலிக்குப் பஸ் கிடைக்கும். சுமார் மூன்று மணி நேரம்.

3. எல்லை

சுனௌலியில் பஸ்ஸைவிட்டு இறங்கி, பையை மாட்டிக்கொண்டு நேரே நடங்கள். ஒரு வளைவு, கொஞ்சம் கூட்டம், சரக்கு லாரிகளின் நீண்ட வரிசை. அந்தப் பக்கம் நேபாளத்தின் பெலஹியா. நமக்கு ஸ்டாம்ப் எதுவும் கிடையாது. கேட்டால் அட்டையைக் காட்டிப் பையைத் திறந்து காட்டினால் சரி. தாண்டுவதற்கு முன்பே போனில் டேட்டாவை அணைத்துவிடுங்கள், ரோமிங் கட்டணம் தெரியாமல் ஏறும். அப்புறம் கடிகாரத்தை 15 நிமிஷம் முன்னால் தள்ளி வையுங்கள்.

4. பணம்: ஐ.சி.யா, என்.சி.யா?

இந்த ஒரு கேள்வியை மறந்தால் பட்ஜெட் ஓட்டை விழும். இந்தியப் பணம் ஐ.சி., நேபாளப் பணம் என்.சி. நம் 100 ரூபாய்க்கு அவர்களுடைய 160. இந்த விகிதம் நிலையானது. எல்லை தாண்டியதும் வரும் பைரஹவா ஊரில் முதல் நாள் டீயும் பிஸ்கட்டும் வாங்கினேன். கடைக்காரர் ஐம்பது என்றார், நான் நம்முடைய ஐம்பதை நீட்டிவிட்டு நடந்தேன். அவர் சொன்னது என்.சி. அதாவது நம் பணத்தில் 31 ரூபாய்தான். ஒரு டீயில் போனது சின்னத் தொகை. அதே குழப்பம் அறை வாடகையில் வந்தால் வலிக்கும். விலை கேட்கும்போதே "ஐ.சி.யா, என்.சி.யா?" என்று சேர்த்துக் கேளுங்கள்.

இந்தியாவிலிருந்து பெரும்பகுதியை 100 ரூபாய் நோட்டாகவே கொண்டுபோவது நிம்மதி. ஏ.டி.எம்.மில் ஒவ்வொரு முறையும் கட்டணம் பிடிப்பார்கள். எடுத்தால் மொத்தமாக ஒரே தடவை எடுங்கள். 2024 முதல் சில கடைகளில் நம் யு.பி.ஐ. ஸ்கேன் வேலை செய்கிறது, ஆனால் அதை மட்டும் நம்பி மலைக்குப் போகாதீர்கள்.

5. முதல் இரண்டு இரவு லும்பினியில்

எல்லாரும் நேரே காத்மாண்டுவுக்கு ஓடுவார்கள். நீங்கள் பைரஹவாவில் பஸ் மாறி லும்பினிக்குப் போங்கள், ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். அங்கே பல நாட்டு பௌத்தர்கள் கட்டிய மடங்கள் இருக்கின்றன. கொரிய மடத்தில் யாத்ரீகர்களுக்கு மிகக் குறைந்த கட்டணத்தில் படுக்கையும் சைவச் சாப்பாடும் உண்டு. சாப்பிட்ட தட்டை நாமே கழுவி வைக்க வேண்டும். கொசு அதிகம், ஓடோமாஸ் அவசியம்.

மறுநாள் காலையில் அசோகர் தூணைப் பாருங்கள். புத்தர் பிறந்த ஊர் என்பதால் இந்தக் கிராமத்தின் வரியைக் குறைத்ததாக அசோகரே அதில் வெட்டி வைத்திருக்கிறார். 2,200 ஆண்டுக்கு மேல் பழைய பிராமி எழுத்து, கம்பிவேலிக்கு அருகே நின்றால் தனித்தனியாகத் தெரியும். நம் ஊர் மலைக்குகைகளில் தமிழ்பிராமி பார்த்தவர்களுக்கு அதை விட்டு நகரவே மனம் வராது.

6. சாப்பாடு

தால் பாத் மட்டும் கேளுங்கள். தட்டின் நடுவே சோறு, கிண்ணத்தில் பருப்பு, சுற்றிலும் உருளைக்கிழங்குக் கறி, கடுகுக்கீரை, முள்ளங்கி ஊறுகாய். சோறும் பருப்பும் கறியும் மறுபடி மறுபடி போடுவார்கள், அதற்குத் தனிக்காசு இல்லை. போதுமென்றால் "புக்யோ". உள்ளூர்க்காரர்கள் காலை பத்து மணி வாக்கில் ஒரு வேளையும் இருட்டியபின் ஒரு வேளையும் சோறு சாப்பிடுகிறார்கள். நீங்களும் அந்த நேரத்துக்கு மாறிக்கொண்டால் இரண்டே சாப்பாட்டில் நாள் ஓடும். பொக்கராவில் ஆங்கில மெனு அட்டை தொங்கும் ஏரிக்கரைக் கடைகளைத் தவிர்த்து, பஸ் ஸ்டாண்ட் பக்கம் சாப்பிடுங்கள்.

7. பொக்கரா

ஏரிக்கரை நகரமான பொக்கராவுக்கு, பைரஹவாவிலிருந்து பகல் பஸ்ஸில் ஏறுங்கள். வளைவு வளைவாக எட்டு, ஒன்பது மணி நேரம். வாந்தி வருபவர்கள் மாத்திரை போட்டுக்கொள்ளவும். அறையை முன்கூட்டி ஆன்லைனில் எடுக்காமல், ஏரியிலிருந்து இரண்டு தெரு உள்ளே நடந்து நேரில் கேளுங்கள். மூன்று இரவு தங்குவதாகச் சொன்னாலே விலை இறங்கும்.

காலை ஐந்தரைக்கு ஃபேவா ஏரிக்கரைக்குப் போய்விடுங்கள். 6,993 மீட்டர் மச்சாபுச்ரே சிகரம் முதலில் சாம்பல் நிறமாக நிற்கும், நுனியில் மட்டும் ரோஜா நிறம் ஏறும், பிறகு அது மெல்லக் கீழே வழியும். அதற்கு டிக்கெட் கிடையாது. மலையில் நடக்க ஆசைப்பட்டால், அன்னபூர்ணா பகுதியில் உள்ள கோரேபானி, பூன் ஹில் பாதை நல்லது. அந்தப் பகுதி அனுமதிக்கு மற்ற வெளிநாட்டவரிடம் 3,000 வாங்கும்போது சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டினரான நமக்கு 1,000, இரண்டும் என்.சி. வழியில் உள்ள விடுதிகளில் அறை மலிவு, ஆனால் அங்கேயே சாப்பிட வேண்டும். சாமான்கள் கீழிருந்து ஏறி வருவதால் மேலே போகப் போகச் சாப்பாட்டு விலை கூடும். கடலைமிட்டாயும் பேரீச்சம்பழமும் ஊரிலிருந்தே கொண்டுபோங்கள்.

8. திரும்பும்போது

கோரக்பூர் ரயிலுக்கு முந்தின நாளே எல்லைக்கு வந்துவிடுங்கள். சாலை அடைபட்டால் டிக்கெட் வீணாகும். மிச்ச என்.சி. நோட்டுகளைப் பெலஹியாவிலேயே மாற்றுங்கள். சில்லறையை மாற்ற முடியாது, அதற்குக் கடைசியாக ஒரு டீ குடித்துவிட்டு நடந்து தாண்டுங்கள்.