மே, மஸ்ட், லைக்லி: எதை எங்கே போடுவது?

தமிழில் 'வரலாம்' என்ற ஒரே சொல்லை வைத்து அனுமதியும் கொடுக்கிறோம், சந்தேகமும் சொல்கிறோம், அதனாலேயே ஆங்கிலம் எழுதும்போது எல்லா இடத்திலும் 'மே' வந்து விழுகிறது. சரி, கிட்டத்தட்ட உறுதி என்றால் 'ஹி மஸ்ட் பி அட் ஹோம்', அதாவது வீட்டில்தான் இருப்பார். ஆனால் இதற்கு எதிர்மறையாக 'மஸ்ட் நாட் பி' எழுதினால் பெரும்பாலும் 'இருக்கக் கூடாது' என்று தடை போட்டதாகிவிடும். இருக்க வாய்ப்பே இல்லை என்பதற்கு 'கான்ட் பி'தான். இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். அப்புறம், 'ஹி வில் லைக்லி டு கம்' தவறு, 'ஹி இஸ் லைக்லி டு கம்', அதாவது அவர் வர வாய்ப்பு அதிகம், இதுதான் சரி. 'லைக்லி'யை லேசாக நினைக்காதீர்கள், ஐ.நா.வின் பருவநிலை மாற்றக் குழுவான ஐபிசிசியின் அறிக்கைகளில் அதற்கு 66 சதவீதமோ அதற்கு மேலோ வாய்ப்பு என்று அர்த்தம், 'வெரி லைக்லி' என்றால் 90. நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்றால் 'மே' அல்லது 'மைட்' போதும்.