தோழியோடு முதல் மார்கழிக் கச்சேரி: நான்கு காதால் கேட்பது எப்படி?

டிசம்பர் பிறந்துவிட்டால் எனக்கும் என் தோழிக்கும் வேறு பேச்சே கிடையாது. எந்த சபாவில் யார், எத்தனை மணிக்கு, பக்கவாத்தியம் யார் யார், இதுதான். பன்னிரண்டு வருஷமாக ஒரு சீசனையும் விட்டதில்லை. இரண்டு பேருமே பாட்டுக் கற்றவர்கள் அல்ல. எங்கள் வீடுகளில் சங்கீதம் கேட்கும் வழக்கமும் இல்லை. பிறகு எப்படிப் பிடிபட்டது என்று கேட்டால் எனக்குத் தெரிந்து ஒரே காரணம்தான்: சேர்ந்து போனோம். என் காதுக்குத் தப்பியது அவள் காதில் விழுந்தது, அவள் கவனிக்காததை நான் கவனித்தேன்.

கர்நாடக சங்கீதக் கச்சேரிக்கு இதுவரை போகாத ஒருவர், தன்னைப் போலவே ஒன்றும் தெரியாத நெருங்கிய சிநேகிதியோடு எப்படித் தொடங்கலாம் என்பதை நாங்கள் செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

1. சபாவைத் தேர்ந்தெடுங்கள்

முதலில் கொஞ்சம் பின்கதை. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. அதையொட்டி ஒரு சங்கீத மாநாடும் நடந்தது. அதிலிருந்து 1928இல் பிறந்ததுதான் மியூசிக் அகாடமி. மார்கழி இசை விழா டிசம்பரில் நிலைத்ததற்கு அதுவே காரணம். இப்போது நகரம் முழுக்கப் பல சபாக்களில் ஒரே நேரத்தில் கச்சேரிகள் நடக்கின்றன. பட்டியலைப் பார்த்தால் புதியவர்களுக்குத் தலை சுற்றும்.

என் யோசனை, முதல் நாள் மதியக் கச்சேரிக்குப் போங்கள். மாலையில் மூத்த வித்வான்கள் பாடுவார்கள், டிக்கெட் வாங்க வேண்டும், கூட்டமும் அதிகம். மதியத்தில் இளைஞர்கள் பாடுவார்கள். பல சபாக்களில் அந்த நேரத்துக்கு டிக்கெட் கிடையாது, நல்ல இடத்தில் உட்காரலாம், கச்சேரியும் நீளமாக இருக்காது. இளையவர்கள்தானே என்று நினைக்காதீர்கள். நாங்கள் கேட்டதிலேயே மிக நல்ல கல்யாணி ராகம் ஒரு மதிய வேளையில், அரங்கில் நாற்பது பேர் இருந்தபோது கேட்டதுதான்.

மயிலாப்பூர் பக்கம் என்றால் திருமயிலை பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கி, கிழக்கு மாட வீதியில் இருக்கும் பாரதிய வித்யா பவனுக்கு நடந்தே போய்விடலாம். மியூசிக் அகாடமியும் நாரத கான சபாவும் டி.டி.கே. சாலையில் இருக்கின்றன. வார்த்தை புரிந்தால்தான் மனசு ஒட்டும் என்பவர்கள் பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றத்துக்குப் போங்கள். 1943இல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கத்தின் விழா அங்கேதான் நடக்கிறது, முழுக்கத் தமிழ்ப் பாட்டு. உயர் நீதிமன்றம் மெட்ரோ நிலையத்திலிருந்து தூரமில்லை. என் தோழிக்குச் சங்கீதத்தின் மேல் முதலில் ஆசை வந்தது அங்கே கேட்ட ஒரு விருத்தத்தில்தான் (தாளமில்லாமல் பாடும் செய்யுள்).

2. ஒரு வாரம் முன்னால்: ஒரு ராகம், ஒரு தாளம்

எல்லாவற்றையும் படித்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தால் போகவே மாட்டீர்கள். தாய் ராகம் மட்டும் 72. ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மோகனம் நல்லது. ச ரி க ப த என்று ஐந்தே ஸ்வரம், சினிமாப் பாட்டிலும் நிறையக் கேட்டிருப்பீர்கள். ஒரு வாரம் அதையே கேளுங்கள். தோழியிடம் இன்னொரு ராகத்தைக் கொடுங்கள். நான் மோகனம் எடுத்தேன், அவள் கல்யாணி எடுத்தாள். ஆளுக்கொன்று பிரித்துக்கொண்டதில் கச்சேரியில் எங்கள் கைவசம் இரண்டு ராகம்.

தாளத்துக்கு ஆதி போதும். எட்டு எண்ணிக்கை: தொடையில் ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், மறுபடி தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. வீச்சு என்றால் கையை மலர்த்திப் போடுவது. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு பாட்டை ஓடவிட்டுப் போட்டுப் பாருங்கள். ஒருத்தி தவறினால் மற்றவள் கையைப் பார்த்துச் சேர்ந்துகொள்ளலாம். தனியாகப் பழகினால் தவறியதே தெரியாது. பாட்டு சில சமயம் தட்டு விழும் இடத்திலேயே தொடங்காமல் சற்றுத் தள்ளித் தொடங்கும். அந்த இடத்துக்கு எடுப்பு என்று பெயர். குழம்ப வேண்டாம், பாட்டை விட்டுவிட்டுக் கையை மட்டும் ஒரே சீராகப் போட்டுக்கொண்டிருங்கள், தானாக வந்து உட்காரும்.

3. அன்றைக்கு

பையில் ஒரு சால்வை, தண்ணீர், ஒரு சின்ன நோட்டு, பென்சில். அரங்குக்குள் ஏ.சி. குளிர் கடுமையாக இருக்கும், சால்வை மறந்தால் இரண்டாவது பாட்டிலேயே கவனம் போய்விடும். செல்பேசியை அதிர்விலும் வைக்காதீர்கள், அணைத்துவிடுங்கள். எங்கள் இரண்டாவது சீசனில் பாடகர் ஆலாபனையில், அதாவது வார்த்தையும் தாளமும் இல்லாமல் ராகத்தை மட்டும் விரித்துப் பாடும்போது, மெதுவாக மேல் ஷட்ஜத்தை (மேல் ச) தொடப்போகும் நேரம், என் பையிலிருந்து மணியடித்தது. அவர் கண்ணைத் திறந்துவிட்டார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

எங்கே உட்காருவது என்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. பாடகர் நடுவில். வலதுகைப் பழக்கமுள்ள மிருதங்கக்காரர் பாடகரின் வலப்பக்கம், அதாவது நமக்கு இடப்பக்கம் உட்காருவார். அப்போதுதான் மிருதங்கத்தின் வலந்தலை, அதாவது வலதுகை வாசிக்கும் பக்கம், நம் பக்கம் திரும்பியிருக்கும். வயலின் எதிர்ப்பக்கம். (பழனி சுப்பிரமணிய பிள்ளை போன்ற இடதுகைக்காரர்களுக்கு இது மாறும்.) அதனால் தாளம் பழக வந்திருந்தால் இடப்பக்க வரிசை, வயலின் விரல்களைப் பார்க்க ஆசை இருந்தால் வலப்பக்க வரிசை. உள்ளே போவதும் எழுந்து வருவதும் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் மட்டும்.

கேன்டீனை மதியக் கச்சேரிக்கும் மாலைக் கச்சேரிக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். கச்சேரியில் இடைவேளை கிடையாது. டிக்கெட் இல்லாதவர்களும் சாப்பிடலாம். கீரை வடை, அசோகா, ஒரு டிகிரி காபி. இலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு நேராக அரங்குக்குப் போனால் ஆலாபனையில் தூக்கம் நிச்சயம்.

4. உள்ளே: வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்

இதுதான் முக்கியமான படி.

இன்று கேட்கும் கச்சேரி வரிசைக்கு வடிவம் கொடுத்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967). பெரும்பாலும் வர்ணத்தில் தொடங்கும். பிறகு சில கீர்த்தனைகள், விறுவிறுப்பாகப் போகும். நடுவில் ஒரு ராகத்தைக் கொஞ்சம் விரித்துப் பாடுவார்கள். பின்பாதியில் முக்கிய உருப்படி, சில நாள் ராகம் தானம் பல்லவி (ராகத்தை விரித்து, பிறகு ஒரே ஒரு வரியைப் பலவிதமாகப் பாடுவது). கடைசியில் துக்கடா என்கிற சின்னப் பாட்டுகள், விருத்தம், தில்லானா என்று இளைப்பாறி மங்கலம்.

ஒவ்வொரு உருப்படிக்கும் ஒருத்தி குரலை மட்டும் கேளுங்கள், மற்றவள் வயலினையும் மிருதங்கத்தையும் மட்டும். அடுத்த பாட்டில் மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் செயற்கையாகத் தோன்றும். மூன்றாவது பாட்டில் பலன் தெரியும். பாடகரை மட்டும் பின்தொடர்ந்தால் வயலின் அவர் விட்ட இடத்தை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பது காதில் விழவே விழாது. எனக்கு விழவில்லை. அவள்தான் கண்டுபிடித்தாள்: ஆலாபனையில் பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் வயலின் அந்தக் கடைசி ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்திக்கொண்டே இருக்கும், பாட்டு அறுந்துபோகாமல். அன்றிலிருந்து நான் பக்கவாத்தியத்தைப் பக்கத்தில் இருக்கும் வாத்தியமாக நினைப்பதே இல்லை.

பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. முன்வரிசைக்கு எல்லாம் கேட்கும். எங்களுக்குள் சில சைகைகள் உண்டு. ராகம் தெரிந்துவிட்டால் முழங்கையால் ஒரு இடி. நிரவல் தொடங்கினால், அதாவது ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வெவ்வேறாக விரித்தால், ஒரு விரல். கற்பனை ஸ்வரம் வந்தால், அதாவது ச ரி க என்று ஸ்வரங்களையே அப்போதைக்கப்போது கோத்துப் பாடினால், இரண்டு விரல். மற்றதெல்லாம் நோட்டில். பாட்டின் முதல் வார்த்தை காதில் விழுந்தபடி, ராகம் (தெரியாவிட்டால் கேள்விக்குறி), பிடித்த இடம், அவ்வளவு போதும். ராகத்தைக் கண்டுபிடிப்பதே குறியாக உட்கார்ந்துவிட்டால் பாட்டு கைநழுவிப் போகும், அதையும் சொல்லிவிடுகிறேன். கண்டுபிடிக்க முடியாத ராகமும் இனிக்கத்தான் செய்கிறது.

5. தனிக்கு எழுந்திருக்காதீர்கள்

முக்கிய உருப்படி முடிகிற இடத்தில் பாடகர் மிருதங்கத்தைப் பார்த்துத் தலையசைப்பார். இனி தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும், அதுதான் தனி ஆவர்த்தனம், சுருக்கமாகத் தனி. கூடவே அரங்கில் பாதிப் பேர் காபிக்கு எழுவார்கள். இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் நெஞ்சு வலிக்கிறது. மாலை முழுக்கப் பாட்டைத் தாங்கிய ஒருவருக்குக் கிடைப்பது இந்தப் பத்துப் பதினைந்து நிமிஷம்.

புதியவர்களுக்குத் தனி ஆவர்த்தனம் உண்மையில் எளிது. வார்த்தை இல்லை, ராகம் இல்லை, எண்ணிக்கை மட்டும். தோழி தாளம் போடட்டும், நீங்கள் கேளுங்கள். மிருதங்கமும் கடமோ கஞ்சிராவோ மாறி மாறி வாசிக்கும். மாற்றும் அளவு குறைந்துகொண்டே வந்து, கடைசியில் சேர்ந்து ஒரு மோரா (முடிவு வருகிறது என்று சொல்லும் தாளக் கட்டு), பிறகு கோர்வை (தனியை முடித்துவைக்கும் தாளக் கட்டு). கோர்வை மூன்று தடவை வரும். மூன்றாவது முடியும்போது பாடகர் சரியாக எடுப்பில் பாட்டைப் பிடிப்பார். அந்த இடத்தில் உங்கள் தோழியின் கையும் அங்கேயே வந்து விழுந்திருந்தால், சொல்லித் தெரியாது அந்தச் சந்தோஷம்.

6. திரும்பும் வழியில்

மங்கலம் முடியும்வரை இருந்துவிட்டுக் கிளம்புங்கள். ரயிலில் இரண்டு நோட்டையும் திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள். கேள்விக்குறி போட்ட இடங்களை மட்டும் வீட்டுக்குப் போய்க் கேட்டுப் பார்க்கலாம். போன சீசனில் ஒரு பாட்டுக்கு நான் ஆபோகி என்று எழுதியிருந்தேன், அவள் ஸ்ரீரஞ்சனி என்று எழுதியிருந்தாள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், ஸ்ரீரஞ்சனியில் நிஷாதம் (நி) உண்டு, ஆபோகியில் கிடையாது. மந்தைவெளி வரும்வரை விவாதம். அன்று குரல் என் பங்கு, வயலின் அவள் பங்கு. ராத்திரி பதினொன்றரைக்குச் செய்தி வந்தது: "நி இருக்குடி. வயலின் அதுலயே நின்னுச்சு. நாளைக்கு நாலு மணிக்கு பவன் வாசல்ல நில்லு."